விருந்தாளி எழுதும் இரண்டு வரி

பஞ்சலிங்கத்துக்கு மலை பிடிக்காது, அருவி பிடிக்காது, வயல்வெளியைப் பார்த்து ஆகா என்று வாய் பிளக்கும் ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். அவருக்குப் பிடித்தது நகரம். தேநீர்க்கடை எந்நேரமும் திறந்திருக்கிற, முகம் தெரியாதவன் தோளில் இடித்துவிட்டுத் திரும்பியும் பாராமல் போகிற பெரிய நகரம். கொழும்பில் ரயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்த காலத்தில் லீவு கிடைத்தால் ஊருக்கு வராமல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்த மனுஷன் அவர். கொக்குவில் வீட்டைக் கட்டிக் காத்த மனைவி ஞானாம்பிகை, தன்னுடைய புருஷன் சொந்த வீட்டுக்குத்தான் விருந்தாளி என்று அயலாரிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதி கோபம்.

அந்தப் பயணங்களுக்கெல்லாம் கைகொடுத்தது ஒரு சங்கம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்திருந்த சங்கம். ஓர் உறுப்பினர் இன்னொருவர் வீட்டில் காசு கொடுக்காமல் தங்கலாம். பதிலுக்குத் தன் வீட்டிலும் இடம் கொடுக்க வேண்டும். பஞ்சலிங்கம் பென்ஷனோடு ஊருக்கு வந்த பிறகு குறைவில்லாமல் கொடுத்தார். முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொக்குவில் ஸ்டேஷனில் இறங்குவார்கள். முன்னறைக் கட்டிலில் படுப்பார்கள், குசினிக்குள்ளேயே வந்து குந்தியிருந்து ஞானாம்பிகையின் இடியப்பத்தைக் கையால் பிசைந்து தின்பார்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு அவர்கள் வரவு நின்றது.

இப்போது தொண்ணூற்றொன்று, ஐப்பசி பிறந்துவிட்டது. ரயிலும் இல்லை, கரன்டும் இல்லை. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டன. பொழுதுபட்டால் ஜாம் போத்தல் விளக்கு, விடிந்தால் சைக்கிள், எந்நேரமும் குண்டு விமானத்துக்காக வானத்தில் ஒரு காது. பஞ்சலிங்கத்துக்கு அலுத்துவிட்டது. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது. அறுபத்துநான்கு வயதில் அவருக்கு ஆசை என்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாவதற்கு முன்னால் ஒரு தடவை, விளக்கெரிகிற தெருவொன்றில், வேலை எதுவும் இல்லாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்து திரிய வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்தின் கடிதம், எங்கெங்கோ சுற்றி, உறை கிழிந்து வந்து சேர்ந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் தங்களைப் பற்றிப் புதிதாக ஓர் அறிமுகம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அதன் அடியில், கடந்த இரண்டு வருஷத்துக்குள் வீட்டில் தங்கிய ஒரு விருந்தாளி தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுத வேண்டுமாம். வருஷ முடிவுக்குள் வராவிட்டால் பெயர் வெட்டப்படும். வந்தால் பெயர் புத்தகத்தில் ஏறும், பம்பாயில் எந்த உறுப்பினர் வீட்டுப் படலையையும் தட்டலாம். பென்ஷன்காரருக்கு அந்தப் பட்டணத்தில் ஹோட்டலில் அறை எடுக்க வழி ஏது? இந்தச் சங்கத்தை விட்டால் வேறு கதி இல்லை.

அறிமுகத்தை எழுதவே ஒரு கிழமை பிடித்தது. 'நான் நகரங்களை நேசிக்கும் பயணி' என்ற முதல் வரி சுலபமாக வந்தது. வருகிற விருந்தாளிக்கு உங்கள் ஊரில் எதைக் காட்டுவீர்கள் என்ற கேள்வியில்தான் இடறினார். நூல்நிலையம் என்று எழுதி, அது எரிந்துபோனது நினைவு வந்து வெட்டினார். ஸ்டேஷன் என்று எழுதி வெட்டினார். கடைசியில், களைத்துப்போய், 'என் வீட்டை' என்று எழுதி முடித்தார்.

விருந்தாளிக்கு எங்கே போவது என்று அவர் புலம்பியபோது ஞானாம்பிகை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன், கராச்சிலை இருக்கினமே," என்றாள் தலையைத் தூக்காமல். "அதுகளும் விருந்தாளியள்தானே."

பகிடியாகத்தான் சொன்னாள். பஞ்சலிங்கத்துக்கு அது பகிடியாகப் படவில்லை.

கார் நிறுத்தும் கராச்சில் இருந்தது குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த லியோனும் அவன் மனைவி மார்கிரட்டும் நான்கு பிள்ளைகளும். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் வீடு போனது, தொழிலுக்குக் கடலில் இறங்கவும் வழியில்லை. லியோன் சைக்கிளில் விறகு கட்டி விற்றான். கார் விற்ற பிறகு கராச் சும்மாதான் கிடந்தது, இருக்கச் சொன்னது பஞ்சலிங்கம்தான். அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன். கிணற்றில் ஞானாம்பிகை அள்ளி ஊற்றுவாள், மார்கிரட் வாளியைப் பிடிப்பாள். வீட்டுக்குள் அவர்கள் வருவதில்லை, யாரும் வரச் சொல்வதுமில்லை. இதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை எழுந்ததில்லை. வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் வாயைத் திறக்கிற கரைச்சல் யாருக்கும் இல்லை.

பின்னேரம் பஞ்சலிங்கம் கூப்பிட்டனுப்ப, மார்கிரட் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவள் கீழ்ப்படியில் இருந்துகொண்டாள். கன்னியர் மடத்தில் படித்து, பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவள், ஆங்கிலம் அழகாக எழுதுவாள். சங்கத்துக்கு விருந்தாளியாக இரண்டு வரி எழுதித் தரும்படி அவர் கேட்டதும், சங்கம் என்ன சங்கம் என்று கேட்டாள். அவர் விளக்கினார். பம்பாயில் மீன்பிடிக்கிற சனத்தின் வீடொன்றில் பாயில் இருந்து சாப்பிட்டதையும் பெருமையோடு சொன்னார்.

கோயில் பெருநாள் வந்தால் தங்கள் வீட்டிலும் மன்னார், முல்லைத்தீவுச் சனம் கிடக்க இடமில்லாமல் கிடக்கும் என்றாள் மார்கிரட். இதற்கும் ஒரு சங்கம் இருப்பது தெரியாமல் போய்விட்டதாம். பிறகு, "ஐயா எங்கடை தெருப்பக்கம் வந்திருக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"மீன் சந்தை மட்டும் வந்திருக்கிறன்," என்றார் பஞ்சலிங்கம். சைக்கிளில் அரைமணித்தியாலம்கூட இல்லாத தூரம்.

அவள் தாளை வாங்கி மடியில் வைத்து, அதிகம் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த ஐயாவின் வளவில் இருக்கிறோம். ஒருநாளும் எங்களைப் போகச் சொன்னதில்லை, ஒருநாளும் உள்ளே வரச் சொன்னதுமில்லை.'

பஞ்சலிங்கத்துக்கு முகம் காந்தியது. கோபப்படலாம் என்று பார்த்தார், கோபப்பட ஒரு சொல்லும் பிழையாக இல்லை. அவள் முகத்திலும் குத்திக்காட்டிய களிப்பு எதுவும் இல்லை. நாள் முழுக்க லியோனோடு விறகு கட்டிய களைப்புத்தான் இருந்தது.

"பொய் எழுத மனம் வரேல்லை ஐயா," என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைக்கவே அவளுக்குப் பயம் வந்துவிட்டது போலும், அவசரமாகத் தொடர்ந்தாள். "காரியமில்லை, வேறை தாளிலை எழுதுவம். உங்களுக்கு எப்பிடி வேணுமெண்டு சொல்லுங்கோ, அப்பிடியே எழுதித் தாறன். மாரி வருது. பிள்ளையளைக் கொண்டு இனி நான் எங்கை போறது?"

அந்தக் கடைசி வார்த்தை அவரைச் சுட்டது. அவர் கேட்டது ஓர் உதவி. அவளுக்கு அது வாடகையாகப் பட்டிருக்கிறது. வேண்டாம் பிள்ளை, எழும்பிப் போம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். கடிதத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலமை கொம்படிச் சேற்றுப் பாதை வழியாக வெளிக்கிடுகிறார். அடுத்த ஆள் எப்போது போவாரோ. விளக்கெரிகிற தெரு ஒன்று அவர் கண்ணுக்குள் வந்து நின்றது, போகமாட்டேன் என்றது.

உள்ளேயிருந்து புதுத் தாள் எடுத்து வந்து, அறிமுகத்தைத் திரும்ப எழுதி, அடியில் இடம் விட்டுக் கொடுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். குடும்பத்தில் ஒருவராக நடத்தினார்கள் என்று சொன்னார், அவள் எழுதினாள். ஒரே மேசையில் சாப்பிட்டோம் என்று சொன்னார், எழுதினாள். காற்றோட்டமான முன்னறையை எங்களுக்குத் தந்தார்கள் என்று சொன்னபோது அவருடைய குரல் அவருக்கே கேட்காத அளவு இறங்கிவிட்டது. அதையும் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. வெட்கமாக இருந்தது; ஆனாலும் நிறுத்தவில்லை.

பேனையை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்த மார்கிரட்டுக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. பாலர் வகுப்பில் கொப்பி திருத்தியவள் அல்லவா.

"அறைச் சுவர் என்ன நிறம் ஐயா?" என்று கேட்டாள். "நிறத்தையும் எழுதினால் நம்புவினம்."

"மெல்லிய நீலம்," என்றார் பஞ்சலிங்கம்.

சொன்ன பிறகுதான், தனக்குப் பின்னால் கதவு திறந்தே கிடப்பதும், எழும்பி உள்ளே நாலு அடி வைத்தால் அவளே பார்த்துவிடலாம் என்பதும் அவருக்கு உறைத்தது. அவள் அதற்குள் எழுதி முடித்துவிட்டாள்.