மூன்று பேருக்கும் அதே காலை

பேராசிரியர் ராமசேஷன் வரப்போகிறார் என்ற செய்தியை ஆறுமுகநயினார்தான் முத்துவடிவிடம் சொன்னார். தென்காசிக்கு வெளியே, மேலகரம் ரோட்டில் இருந்த நூல் மில்லின் முதலாளி அவர். அந்த மில்லின் ஒரே கணிப்பொறியை முத்துவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக இறங்கியிருந்தது.

"மெட்ராஸ்ல பெரிய வாத்தியாரா இருந்தவராம்மா. இப்ப திருநெல்வேலியில கம்ப்யூட்டர் சென்டர் போட்டிருக்காரு. நம்ம மெஷின் தாங்காத வேலைய அவரு மெஷின் செஞ்சு குடுக்கும். எது, எப்ப, எந்த நிபந்தனையிலன்னு ரெண்டு மெஷினும் தானாவே பேரம் பேசி முடிச்சுக்கிடுமாம். நாம டிரங்க் கால் போட்டுக் கத்த வேண்டாம்ங்காரு. ஒனக்கு ஆளத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. அவருகிட்டதான் படிச்சேன்."

கையிலிருந்த காப்பி ஆறிப்போகும் வரை அப்படியே நின்றாள்.

கணிப்பொறிகள் தமக்குள் பேரம் பேசலாம் என்பது அவளுடைய யோசனை. இலஞ்சியில் வயல்வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகையில் மெட்ராஸ் போய், ராமசேஷனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அதை எழுதினாள். ஒரு கணிப்பொறி கேட்கும், மற்றது மறுக்கும், கேட்பது பிடிவாதமாக நின்றால் மறுப்பது கொஞ்சம் இறங்கிவரும், இரண்டுக்கும் ஒத்துவந்த இடத்தில் ஒப்பந்தம். முதல் வடிவத்தை அவர் கையில் கொடுத்த வாரத்தில்தான் அப்பா இறந்துபோன தந்தி வந்தது. ஊருக்குப் போனவள் அறுவடை முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில்தான் தன் வேலையில் இருந்த ஓட்டை அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் பக்கத்து வாய்க்காலுக்கு நீர்பாய்ச்சியாக இருந்த மாடன், "காலைத் தண்ணி ஒங்களுக்குத்தான்" என்று மூன்று வீட்டில் சொல்லிவிட்டான். விடிந்ததும் மடையடியில் மூன்று வீட்டு மண்வெட்டிகளும் கூடிவிட்டன. அம்மாவோடு நின்று அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த முத்துவடிவுக்குப் பளிச்சென்று உறைத்தது. அவள் எழுதியதும் மாடனைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஒருவருக்குக் கொடுத்த நேரத்தைக் கழித்துவிட்டு அடுத்தவரிடம் பேச அதற்குத் தெரியாது. அன்று மாலையே உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். ஒரு சில வரிகள்தான்.

அதைக் காட்டுவதற்காக மெட்ராஸ் திரும்பிய அன்று, அறை மேஜைமேல் புதிய ஆராய்ச்சி இதழ் கிடந்தது. அவளுடைய வேலை, அவளுடைய படம், அவளுடைய உதாரணங்கள்கூட. அந்த ஓட்டையும் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் ராமசேஷன். நன்றி சொன்ன இடத்தில்கூட அவள் இல்லை.

"இது நான் எழுதினது சார்."

"நீ ஆரம்பிச்சேம்மா. அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டே. நான்தானே உருப்படியாக்கினேன்?" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி. "உனக்கு இது ஒத்துவராது. ஊரோட போய்க் கல்யாணம் பண்ணிக்கோ. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த மாதம், ஆராய்ச்சிக்குத் தகுதி போதாது என்று அவரே பரிந்துரைத்து, உதவித்தொகை நின்றது. முத்துவடிவு டிரங்குப் பெட்டியோடு இலஞ்சிக்கு வந்து இறங்கினாள். சரிசெய்த வரிகளை அவள் யாருக்கும் காட்டவில்லை.

இப்போது ராமசேஷனோடு சேரப்போவது மூன்று மில்கள். நூல் மில், பாவூர்சத்திரத்தில் உச்சிமாகாளி என்பவரின் அரிசி மில், அம்பாசமுத்திரத்தில் ஒரு எண்ணெய் மில். தன் பக்கம் பேசும் புரோகிராமை ராமசேஷன் கொண்டுவருவார். மில்கள் பக்கம் பேசுவதை யாராவது எழுத வேண்டும். மூன்று மில்லிலும் அது தெரிந்தவள் ஒருத்திதான்.

அவள் எழுதினாள். மூன்று மில்லுக்கும் சரக்கு கிளம்பும் நாள் மாதக் கடைசி. எந்த லாரியில் எந்தச் சரக்கு எங்கே போகும் என்று சென்டர் அச்சடித்துத் தரும் லாரிச் சீட்டுகள் அன்று காலையில் கைக்கு வந்தாக வேண்டும். மூன்றுக்கும் அந்த ஒரு காலையையே கேட்கச் சொன்னாள். வேறு எந்த நேரம் கொடுத்தாலும் மறு, பிடிவாதமாக நில் என்று எழுதினாள். ஆறு வருஷமாக உள்ளே கனன்றது அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது.

குற்றாலத்தில் ஆறுமுகநயினாரின் நண்பர் ஒருவரின் பங்களா. காலையில் அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டிய ஈரத்தோடு மூன்று முதலாளிகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு சிறிய கணிப்பொறிகளை வயரால் இணைத்து வைத்திருந்தார்கள். மூன்று மில்லுக்கு மூன்று, சென்டருக்கு ஒன்று.

ராமசேஷன் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"அடடே, முத்துவடிவா! என் ஸ்டூடண்ட்தான் சார் இவ. பரவாயில்லையே, விட்டுடாம இதிலேயே இருக்கியே!"

"ஆமா சார். விடல," என்றாள்.

பேரம் தொடங்கியது. திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. அரிசி மில் கேட்டது. சென்டர் மறுத்து வேறு நாள் கொடுத்தது. அரிசி மில் பிடிவாதம் பிடித்தது. சென்டர் இறங்கிவந்து ஒப்புக்கொண்டது. அடுத்து நூல் மில், எண்ணெய் மில். மூன்றுக்கும் மாதக் கடைசிக் காலை. தங்கள் தங்கள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிகள் கைதட்டினார்கள்.

"கேட்டதக் குடுத்துட்டே வே!" என்று உச்சிமாகாளி தொடையில் தட்டிக்கொண்டார்.

முத்திரைத்தாள் மேஜைக்கு வந்தது. மெஷின்கள் பேசி முடித்ததே முடிவு, ஒரு வருஷத்துக்கு எந்த மனிதரும் அதை மாற்றக்கூடாது என்பது ராமசேஷன் தாமே பெருமையாகப் போட்ட நிபந்தனை. அவர் பேனாவைத் திறந்தபோது முத்துவடிவு பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், கையெழுத்துக்கு முன்ன அது என்ன ஒத்துக்கிட்டுன்னு ஒருக்கா பாத்துக்கிடுங்க."

உண்மையில் அப்போது அவர் பார்த்திருந்தால் தப்பியிருப்பார். அவளும் அதைத் தெரிந்தேதான் சொன்னாள்.

ராமசேஷன் முதலாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "நான் பெத்த குழந்தைம்மா இது. அது என்ன பேசும்னு எனக்குத் தெரியாதா?"

கையெழுத்துப் போட்டார். முத்துவடிவு மை காயும்வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசி நாள். மூன்று மில்களின் சரக்குக் கணக்கு ஏற்றிய ஃபிளாப்பிகளும் முந்திய நாள் பஸ்ஸிலேயே திருநெல்வேலி போயிருந்தன. காலை போய் மத்தியானம் வந்தும் எந்த மில்லுக்கும் சீட்டு வரவில்லை. சென்டரின் மெஷின் மூன்று வேலையையும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றையும் முடிக்காமல் திணறிக் கிடந்தது. நூல் மில் கேட்டிலிருந்து லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கிவந்து வாட்ச்மேனோடு மல்லுக்கட்டினார்கள். பாவூர்சத்திரத்தில் மழையில் அரிசி மூட்டை நனைந்துவிட்டதாக உச்சிமாகாளி போனில் கத்தினார். அந்தக் குரலைக் கேட்டபோது மட்டும் முத்துவடிவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அந்த மனிதர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

நான்கைந்து நாள் கழித்து ராமசேஷன் இலஞ்சிக்கே வந்துவிட்டார். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூணு பேருக்கும் அதே காலையைக் குடுத்திருக்கு. புரோகிராம்ல எங்கே தப்புன்னே தெரியலைம்மா. நாலு நாளா தூக்கமில்லை. உனக்குத் தெரியும்னு தோணறது."

"தெரியும் சார்."

"என்ன வேணும் உனக்கு? சென்டர்ல பங்கு தரேன்."

"வேண்டாம். இத எழுதுனது யாருன்னு அந்த மூணு பேரு முன்னால சொல்லுங்க. பொறவு பாப்பம்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் நூல் மில் ஆபீஸில் மூன்று முதலாளிகளும் கடுகடுவென்று உட்கார்ந்திருக்க, ராமசேஷன் எழுந்தார். "இதோட மூலம்... இதை முதல்ல எழுதினது முத்துவடிவு. என் பேர்ல போட்டுண்டேன். அவளைப் படிக்க விடாமப் பண்ணினதும் நான்தான்." கடைசி வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சார். அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் திரும்பச் சொன்னார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, "சொல்லிட்டேம்மா. இப்போ சரி பண்ணிக் குடு" என்றார்.

"எதுக்கு?"

"நீதானே சொன்னே... நான் ஒத்துண்டா..."

"பாப்பம்னுதான் சொன்னேன். பாத்துட்டேன். நீங்க பெத்த குழந்தையில்லியா, நீங்களே சரி பண்ணிக்கிடுங்க."

ராமசேஷன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உச்சிமாகாளியும் எண்ணெய் மில்காரரும் அவர் பின்னாலேயே வக்கீலைப் பற்றிப் பேசிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆறுமுகநயினார் மட்டும் இருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார்.

"குத்தாலத்துல வச்சே ஒனக்குத் தெரியும். என்ன?"

"தெரியும் அண்ணாச்சி."

"அந்தாளு செஞ்சது அக்கிரமம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவர ஒரு வழி பண்ணியிருப்பேன். நீ சொல்லல. என் லாரியையும் மாகாளி அரிசியையும் தூக்கி நடுவுல வச்சுட்டே."

"ஒங்ககிட்டச் சொன்னா நீங்க தடுத்திருப்பிய."

"தடுத்துத்தான் இருப்பேன்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நாளையிலேருந்து வராதம்மா. இனிமே நீ அந்த மெஷின் முன்னால இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அவர் சொன்னது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

ராமசேஷனின் சென்டர் அடுத்த பொங்கலுக்குள் மூடப்பட்டது. அவர் திருநெல்வேலியை விட்டே போனார். வக்கீல் நோட்டீஸ்கள் அவர் பின்னாலேயே மெட்ராஸ் வரை போயின. உச்சிமாகாளிக்கு நனைந்த அரிசி நனைந்ததுதான். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துவடிவு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை தேடிக்கொண்டாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். வேலை போன அன்று மத்தியானம், சாரலில் நனைந்துகொண்டே அவள் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மனசு கனக்கும், இப்போது கனக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள். அம்மா சங்கரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை மறுபடியும் நீட்டினாள்.

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"ஏட்டி, வேல போச்சுன்னு சொல்லுத. ரெண்டாந்தடவ வாங்கித் திங்கியே?"

"பசிக்கி," என்றாள் முத்துவடிவு.