பதினான்காவது நாடா

பன்னிரண்டாம் நாள் காலையில் சிசே மொரோஸுமியின் சட்டையில் ஒரே ஒரு நாடாதான் மிச்சம் இருந்தது.

ஃபூஜி மலையடிவாரத்துப் பயிற்சிப் பள்ளிக்கு வந்த அன்று பதினான்கு நாடாக்களைக் குத்திவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வின் பெயர். தேறினால் பயிற்றுநர் தன் கையாலேயே கழற்றுவார். தேறாதவரை அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், ஊருக்குள்ளும் நடக்க வேண்டும். வெட்க நாடா என்று அதற்குப் பெயர். விடியுமுன் எழுந்து உலர்ந்த துண்டால் உடம்பைத் தேய்த்து, ரயில் நிலைய வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து பாட்டுப் பாடி, பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்து, பதின்மூன்று நாடாக்களை அவள் கழற்ற வைத்துவிட்டாள். தொண்டையில் மணல் கொட்டியதுபோல் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கக்கூடச் சத்தம் மிச்சமில்லை.

ஹமமாத்ஸுவில் இனிப்புப் பெட்டிகள் செய்யும் கம்பெனி அவளுடையது. அவளுடையது என்றால், பத்தொன்பது வருடமாக அங்கே வேலை. வடிவமைப்புப் பிரிவை நான்கு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிரிவு மந்தமாக இருக்கிறது என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. "பதினாலும் கழண்டு வந்தா பிரிவு உங்க கையிலயே இருக்கட்டும், மொரோஸுமி-சான். இல்லேன்னா நுமாதா சேர்த்துப் பார்த்துக்குவார்" என்றார். நுமாதா விற்பனைப் பிரிவின் தலைவர். அவரைப் பொறுத்தவரை வடிவமைப்பு என்பது பெட்டி மேல் பூப்போடுவது.

மிச்சமிருந்த நாடாவில் 'என் குறைகள்' என்று எழுதியிருந்தது. பயிற்றுநர் முன் நின்று மூன்று நிமிடத்தில் தன்னுடைய பத்துக் குறைகளை உரக்கச் சொல்ல வேண்டும். நான்கு முறை தோற்றிருந்தாள். அன்று காலை ஐந்தாவது முறை.

"காலை வணக்கத்தை நான் தெளிவாகச் சொல்வதில்லை! அச்சகம் தாமதம் செய்ததற்கு என் கவனக்குறைவே காரணம்! கீழே வேலை செய்பவர்கள் சோர்ந்திருப்பதற்கு என் வழிநடத்தல் போதாமையே..."

"நிறுத்துங்க." பயிற்றுநர் குரிதாவுக்கு அவளைவிட வயது குறைவு. "அச்சகம் லேட் பண்ணா அது அச்சகத்தோட தப்பு. முந்தாநாள் மழை பெஞ்சுதே, அதுக்கும் நீங்கதான் காரணமா?"

"மன்னிக்கணும்."

"பாருங்க, மறுபடியும்! தோத்துட்டீங்க. போங்க."

அவள் இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். சின்ன வயதிலிருந்து கற்ற வித்தை அது. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொண்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டிலும் செல்லும், அலுவலகத்திலும் செல்லும். இங்கே மட்டும் செல்லவில்லை.

தாழ்வாரத்தில் தொபாஷி காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தொயோஹாஷியில் சிமெண்ட் குழாய்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இந்தத் தேர்வில் முதல் தடவையே தேறியவர்.

"இன்னுமா?" என்றார்.

"இன்னும்தான். நீங்க எப்படித்தான் தேறினீங்க?"

"என் பொண்டாட்டி தினமும் சொல்றதை அப்படியே ஒப்பிச்சேன். பத்து கேட்டாங்க, பதினேழு வந்துச்சு. போதும் போதும்னு அவரே நிறுத்திட்டார்."

சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். முகம் அசையவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு தடவை கிடைக்கும் தொலைபேசி அனுமதி அவளுக்கு வந்தது. ஐந்து நிமிடம், தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, வேலை விஷயம் மட்டும். இனுகையைக் கூப்பிட்டாள். அவளுடைய பிரிவில் மூத்தவன் அவன்.

"புத்தாண்டுப் பெட்டி மூடிப் படம் என்ன ஆச்சு?"

"முடிஞ்ச மாதிரிதாங்க. பைன் கிளை மட்டும் கொஞ்சம் காத்துல தொங்குற மாதிரி இருக்கு. உங்க மேசையில வெச்சிருக்கேன்."

"நாளைக்கு அச்சுக்குப் போகணுமே. நான் வர நாளன்னைக்கு ஆகும்."

"அதான் அச்சகத்துல ரெண்டு நாள் தள்ளிக் கேட்டுட்டேன். நீங்க வந்து ஒரு பார்வை பார்த்துட்டீங்கன்னா..."

சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வாக்கியம் நான்கு வருடமாகத் தானாகவே வரும். அன்று தொண்டை ஒத்துழைக்கவில்லை. இருமல் வந்தது. இருமி முடித்தபோது அவள் கேட்டது வேறு.

"காத்துல தொங்குதுன்னு உனக்கே தெரியுதுல்ல?"

"தெரியுதுங்க."

"அப்புறம் ஏன் அப்படியே விட்டே?"

மறுமுனையில் யாரோ கதவை மூடும் சத்தம். இனுகை குரலைத் தாழ்த்தினான். "எப்படியும் நீங்க மாத்திடுவீங்க இல்லையா? நாங்க கிளம்பினப்புறம். காலையில வந்து பார்த்தா கோடு வேற மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும். அதனால நாங்க ஒரு அளவுக்கு மேல மெனக்கெடறதில்லை."

"எவ்வளவு நாளா தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து. எல்லாருக்கும் தெரியும்ங்க."

எல்லோரும் போனபின் மென்பென்சிலை எடுத்து, அவர்கள் கோட்டின் மேலேயே தன் கோட்டை இழைத்து, மறுநாள் காலை "நல்லா வந்திருக்கு" என்று அவர்களையே பாராட்டியதை அவள் இதுநாள்வரை நாகரிகம் என்று நினைத்திருந்தாள். யார் மனமும் நோகவில்லை என்று நினைத்திருந்தாள். நான்கு வருடத்தில் தனக்கென்று ஒரு தாளை எடுத்து வைத்து எதையும் வரைந்ததில்லை என்பதும் அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோதுதான் உறைத்தது. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேரமெல்லாம் அடுத்தவர் கோட்டின் மேல் போயிருந்தது.

"அச்சகத்துக்குப் போன் பண்ணி பழைய தேதியே இருக்கட்டும்னு சொல்லு" என்றாள். "கிளையை நீயே மரத்துல ஒட்டவை."

"சரியா வரலேன்னா?"

"வந்தது வந்தபடி அச்சாகட்டும்."

"மொரோஸுமி-சான், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"சோர்வா இருக்கு. வேற ஒண்ணும் இல்லை."

சாயங்காலம் ஆறாவது முறையாகக் குரிதா முன் நின்றாள். அன்றோடு தேர்வு முடிகிறது. மறுநாள் நிறைவு விழா மட்டும்தான்.

"என் ஆட்கள் செய்த வேலையை அவர்களுக்குத் தெரியாமல் நான் திருத்துகிறேன்! திருத்திவிட்டு அவர்களையே பாராட்டுகிறேன்!"

குரிதா காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்தது?"

"அவ்வளவுதான்."

"விதியில பத்துன்னு இருக்கு."

"என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் அஞ்சு தடவை இங்க நான் சொன்னது. எதுவும் நிஜமில்லை."

"பத்துன்னா பத்து, மொரோஸுமி-சான்."

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, சுத்தமான கோபம். "அப்போ இதையே பத்து தடவை சொல்றேன்" என்றாள். சொன்னாள். மூன்றாவது முறை குரல் உடைந்தது. ஐந்தாவது முறை அழுகை வந்தது. ஏழாவது முறை அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. பல் துலக்குகிறேன் என்பதுபோல வெறும் செய்தியாகிவிட்டது. பத்தாவது முறை காற்றுதான் வந்தது, ஆனாலும் வாய் முழுதாகத் திறந்திருந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் எல்லோரும் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். குரிதா அதற்காகக் காத்திருந்தார். அவள் நிமிர்ந்தே நின்றாள்.

"குனியலையா?"

"குனிஞ்சா முடிஞ்ச மாதிரி ஆயிடும். முடியலை. நாளன்னைக்கு ஆபீஸ் போய் அவங்ககிட்டயும் சொல்லணும்."

குரிதா கை நீட்டி நாடாவின் ஊசியைக் கழற்றினார். சந்தோஷப்படத் தெம்பில்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பிற்பகல், ஃபூஜி நிலையத்திலிருந்து மேற்கே போகும் சாதாரண ரயிலில் அவளும் தொபாஷியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வண்டி நகரும் முன்பே அவர் தூங்கிவிட்டார். அவளுக்கும் கண் எரிந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. பையிலிருந்து பயிற்சி அட்டவணையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. யாரும் கேட்காத ஒன்றை வரையத் தொடங்கினாள்: சிமெண்ட் நிறத்துப் புருவங்கள், உப்பிய கன்னம், ஜன்னலில் சாய்ந்த காது, திறந்த வாய். கோடு முதலில் தயங்கியது. ஷிஸுஒகா தாண்டியபின் தயங்கவில்லை. பெட்டியில் யார் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

தொபாஷி விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இது நானா?"

"ஆமா."

"வாய் திறந்திருக்கே."

"திறந்துதான் இருந்துச்சு."

"வீட்டுல பார்த்தா பிரேம் போட்டு மாட்டிடுவா. கொஞ்சம் மூடிவிடுங்களேன், பென்சில்தானே?"

மன்னிக்கணும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"முடியாது."

"சரி, காதையாவது கொஞ்சம் சின்னதா..."

"தூங்குங்க, தொபாஷி-சான். பேசினா முகம் ஆடுது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் வாய் தானாகத் திறந்தது. ஹமமாத்ஸுவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. விரல்கள் வலித்தன. அவள் தாளைச் சற்றுத் திருப்பி, தாடையை வரையத் தொடங்கினாள்.