ஒன்பது ஆண்டு வரவேற்புரை

கலைவிழா நடத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையத்தின் மாடி அரங்கில், ஆசிரியையின் கணவர் ஒன்பது ஆண்டுகள் நிறுத்தாமல் வரவேற்புரை ஆற்றினார். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தொண்டை கட்டவில்லை. மேடை ஏறியபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்குப் பிறகும் நாற்பத்து மூன்றுதான். கீழ்த்தளத் தையற்கடைக்காரர் முதல் வாரம் வந்து சண்டை போட்டார். அடுத்த மாதம், அந்தக் குரல் கேட்காவிட்டால் வேலை ஓடவில்லை என்றார்.

காரணம் எளியது. பயிற்சி முடியும்போது மாணவர்கள் தாங்களே திட்டமிட்டு ஓர் ஒத்திகை விழா நடத்த வேண்டும். அந்த ஆண்டு வரவேற்புரைக்கு ஆள் கிடைக்காமல், ஆசிரியை வீட்டில் சும்மா இருந்த கணவரை, "அஞ்சே நிமிஷம், வந்துட்டுப் போயிடுங்க" என்று இழுத்து வந்தாள். மாணவர்களின் திட்டத்தில் பந்தல், ஒலிபெருக்கி, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், மழை வந்தால் மாற்று ஏற்பாடு எல்லாம் இருந்தன. விழாவை யார், எப்படி முடிப்பது என்பது மட்டும் இல்லை. முடிக்காத விழா முடியாது, அவ்வளவுதான். அவள் மைக் வயரைப் பிடுங்கினாள், குரல் குறையவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள், அவர் அசையவில்லை. தானே நன்றியுரை சொல்லிப் பார்த்தாள். விழா மாணவர்களுடையது என்பதால் அது எடுபடவில்லை. அந்த மாணவர்களோ சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே விழாதான் வாய்த்தது. மேடை காலியாக இல்லையே. பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தும் கூட்டம். தொடக்கத்துக்கு யார் என்றால் எல்லாக் கையும் மேலே போகும்; முடிப்பதற்கு யார் என்றால் எல்லாக் கண்ணும் கூரைக்குப் போகும். "அதெல்லாம் அன்னைக்கு யாராவது பாத்துப்பாங்க, மேடம்." அந்த 'யாராவது' மட்டும் கையில் கிடைத்தால் நாலு அறை விட்டிருப்பாள். ஒரு குழு அவருக்குப் பின்னால் புதுத் திரை கட்டியது. இன்னொரு குழு அவர்மேல் நீல வெளிச்சம் அடித்துவிட்டு, எப்படி என்று அவளிடமே கேட்டது. வெளியூருக்கு வேலைக்குப் போன மகள் வரும்போதெல்லாம், "அருமை மகளே, வருக வருக" என்பார். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. "அப்பா வான்னு கூப்பிடுறாரு, வந்தா பேசமாட்டேங்கிறாரும்மா" என்று அவள் அழுதாள். கணவரைவிட இரண்டு வயது இளையவளாக இருந்த ஆசிரியை ஏழு வயது மூத்தவளானாள். ஒரு ஆளுக்குச் சமைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

ஒன்பதாம் ஆண்டின் கடைசி வகுப்பில் புகைப்படக்காரர், "மேடம், நடுவுல உக்காருங்க" என்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. விழாவை முடிப்பது கடைசிப் பாடம். கடைசிப் பாடத்தை ஆண்டுதோறும் குழுப்படம் விழுங்கியிருந்தது. அதை அவள் ஒருமுறைகூட நடத்தியதில்லை. "பாடம் முடியாம படம் கிடையாது!" என்று அவள் போட்ட சத்தத்தில் புகைப்படக்காரரே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

படத்துக்கென்றே இரவல் கோட்டு மாட்டி வந்திருந்த சோம்பேறி ஒருவன் எழுந்தான். கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசரம் அவனுக்கு. "முடிச்சாத்தான் போட்டோன்னா, இப்பவே முடிச்சுடறேன், மேடம்." நாற்காலி மடக்க இவர்கள், விளக்கணைக்க அவர்கள், ஆட்களை வெளியே அனுப்ப இன்னார் என்று பிரித்துக் கொடுத்தான். மேடையேறித் தையற்கடைக்காரர்வரை நன்றி சொல்லி, விழா இத்துடன் நிறைவு பெறுகிறது என்றான். 'வருக' என்று தொடங்கியவர் 'வரு'வோடு நின்றார்.

இறங்கி வந்து, "ரொம்ப நேரம் பேசிட்டேனோ?" என்றார். ஒன்பது ஆண்டாகச் சேர்த்துவைத்த வசவையெல்லாம் விட்டுவிட்டு, அவள் அவருடைய சட்டைக் காலரை நீவிவிட்டாள். "என்ன, தலை இப்படி நரைச்சிடுச்சு?" என்று அவர் பதறினார். "நீங்க பேசின பேச்சுலதான். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

தெருமுனை மருந்துக்கடைக்காரர், "தம்பிங்களா?" என்று கேட்டார். "வீட்டுக்காரர்" என்றாள். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டு மாத்திரை எண்ணப் போனார். வழிநெடுக அவள்தான் பேசினாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.