வாயடைத்துப் போன அம்மா

"பேசவே மாட்டேங்கிறா மேடம். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்குறா!"

"நான் இங்கதாம்மா இருக்கேன்," என்றாள் பதினாறு வயது மகள்.

"பாருங்க, எதிர்த்துப் பேசுறா."

தெருவில் யார் வீட்டு விஷயத்துக்கும் பதில் வைத்திருக்கும் அம்மாவுக்கு, பெற்ற மகள் முகம்கொடுத்துப் பேசாததுதான் தீராத குறை. மனநல ஆலோசகர் மகளிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்துதான் வந்தது. ஆலோசகர் அம்மாவை அடக்கவில்லை.

"இன்னிக்கு எதைப் பத்திப் பேசலாம்? நீயே சொல்லும்மா," என்று மகளிடமே விட்டுவிட்டார்.

"அம்மாவே பேசட்டும். ஆனா என்னைப் பத்தி வேணாம், அவங்களைப் பத்தி."

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது அவளுக்கே திக்கென்றது.

பார்க்கச் சகிக்காமல் மகளே எடுத்துக்கொடுத்தாள். "சைக்கிள்ல போய் சுவத்துல முட்டினீங்களே, அதைச் சொல்லுங்க."

அம்மா அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போது தாய்க்கும் மகளுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தினமும் அவளிடமிருந்து அம்மாவுக்குப் போன் வருகிறது. ஆலோசகர் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். தன்னைக் கேட்காமல் அவருக்கு எப்படி மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.