கட்சுஜியின் ஆரஞ்சு நிற ஷூ

சுமியே சவப்பெட்டிக்குள் கணவரின் காலடியில் அவருடைய ஆரஞ்சு ஷூக்களைச் செருகினாள். ஈமச்சடங்கு நிறுவனத்து ஒபாதா குனிந்து வணங்கிவிட்டு அவற்றை மெல்ல வெளியே எடுத்தார்.

"மன்னிச்சுக்கணும் அம்மா. அடிப்பக்கம் ரப்பர். தகன உலையில விட மாட்டாங்க."

"அப்ப இவரை இந்த வைக்கோல் செருப்புல ஓடச் சொல்றீங்களா? முதல் வளைவுலயே கழண்டுடும்!"

பெட்டிக்குள் இறந்தவர்களுக்கு அணிவிக்கும் வெள்ளை உடுப்பும் வைக்கோல் செருப்புமாகப் படுத்திருந்த கட்சுஜி நாள் தவறாமல் நகாய் பூங்காவைச் சுற்றி ஓடியவர். ஷூ இல்லாமல் மூடி போட விடமாட்டேன் என்று சுமியே ஒற்றைக்காலில் நின்றாள். மத்தியானம் தகனத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். கனடாவிலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கிய மகள் கயோவுக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

"நீ இதைப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து ஓடிட்டு வா. பூங்காவுல அவர் கூட்டாளிங்க யாருக்கும் இன்னும் சொல்லலை, பார்த்தா சொல்லிடு" என்றாள் அம்மா.

அப்பாவின் ஷூ பெரிது. இரண்டு காலுறை போட்டும் குதிகால் ஆடியது. கயோ செர்ரி மரங்களுக்கடியில் மூச்சு வாங்க ஓடினாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா ஓடக் கூப்பிடுவார். இவள் தூக்கம் கலையவில்லை என்று போர்வையை இழுத்துக்கொள்வாள். இன்று அவர் கூப்பிடாமலே வந்திருக்கிறாள்.

எதிரே வந்த நடுவயதுப் பெண் ஆரஞ்சு ஷூவைப் பார்த்ததும் கத்தினாள். "கட்சுஜி அண்ணா! எங்கே காணாமப்..." நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா இறந்ததைக் கயோ சொன்னாள். ரித்சுகோ என்ற அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடேயே சிரித்தாள்.

"ஓட்டமா அது? நடக்கறவங்களே உங்கப்பாவை முந்திட்டுப் போவாங்க! அவர் லேஸ் கட்டி முடிக்கறதுக்குள்ள நாங்க ஒரு சுத்து வந்துடுவோம். அதென்னம்மா, ஒத்தை முடிச்சு? அவர் பார்த்தா உன்னை நிறுத்தி வெச்சுத் திட்டுவார்."

கயோ குனிந்து இரட்டை முடிச்சு போட்டாள். மிச்சச் சுற்றை இருவரும் சேர்ந்தே ஓடினார்கள், கட்சுஜியின் வேகத்தில்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தால் முடிச்சு அவிழவில்லை. நகம்தான் உடைந்தது. அப்பா மேல் செல்லமாகக் கோபம் வந்தது. திடீரென்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"ஒபாதா ஐயா, லேஸை எரிக்கலாமா?"

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். "பருத்திதான். முனையில இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் வெட்டிடுங்க."

சுமியே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அதன் நுனியால் முடிச்சுகளைப் பிரித்து, பிளாஸ்டிக்கை வெட்டி, லேஸ்களை உருவினாள். வைக்கோல் செருப்போடு கணவரின் பாதங்களைச் சேர்த்து லேஸைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு காலிலும் இரட்டை முடிச்சு. விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கா?" என்று அவரைக் கேட்டாள்.

முடிச்சின் நுனிகளை ஒதுக்கிவிட்டாள். பிறகு மூடியின் ஒரு முனையைப் பிடிக்கத் தானே எழுந்தாள்.