கூரைமேல் கிடந்த கயிறு

புதிதாக வாங்கிய ட்ரோனைப் பார்க்க அடுக்குமாடிச் சங்கம் கூடியிருந்தது. டீ கொடுக்கும் வேலை அவளுடையது. அவள் கணவன் அதே கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன். போன மழைக்காலத்தில் உடைந்த கூரை ஓடு ஒன்றை மாற்ற ஏறி, சரிவிலிருந்து விழுந்து செத்தான். சங்கம் இரக்கப்பட்டு அவளை அலுவலகத்தில் எடுபிடியாக வைத்துக்கொண்டது. அந்த இரக்கத்தை யாராவது அவளுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"கயிறு மாட்டாம ஏறிட்டான்" என்று மேனேஜர் சொன்னதையே போலீசும் எழுதிக்கொண்டு போனது. விழுந்தவனிடம் முதலில் ஓடியவர் அவர்தான். "மூச்சு விடட்டும்னு இடுப்பு பெல்ட்டை நான்தாம்மா கழட்டினேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் சொன்னபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து கணவன் படத்தைத் திட்டினாள். "ஒரு கயிறு மாட்டினா என்ன குறைஞ்சா போயிருப்ப? அவ்வளவு கொழுப்பா உனக்கு?" அன்று தொடங்கிய திட்டு ஓயவே இல்லை.

திரையில் கூரை தெரிந்தது. "பாருங்க சார், காக்கா எச்சம்கூடத் தப்பாது" என்று ட்ரோன்காரர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"இனிமே ஒருத்தரும் மேல ஏற வேண்டாம். ஒரு உயிர் போனதே போதும்" என்றார் தலைவர். எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டு டீயைப் பார்த்தார்கள்.

அடுத்த படத்தில் கூரை உச்சி வந்தது. இரும்பு வளையத்தில் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கி, நுனி பிரிந்து, தேய்ந்த துடைப்பம் போலக் கிடந்தது.

"யாரோ கயிறு மாட்டி இறங்கியிருக்காங்க. இத்துப்போன கயிறு, பாதியில அறுந்திருக்கு. மீதி ஆளோட இடுப்பு பெல்ட்டுலயே போயிருக்கும்" என்றார் ட்ரோன்காரர். அவர் வெளியாள், விஷயம் தெரியாது.

அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். வீட்டுத் துணிக்கொடியிலும் அதே முடிச்சுதான். அதை அவிழ்க்கப்போய் நகம் உடைந்ததற்கு அவனோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"அடுத்த படம் போங்க" என்றார் மேனேஜர்.

"இருங்க சார். அது அவர் கட்டின கயிறு."

"மழையில வந்த குப்பைம்மா அது. நீங்க டீயைக் குடுங்க."

"குப்பை வரும் சார். முடிச்சுமா போட்டுக்கிட்டு வரும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "புருஷன் போன துக்கம். விடுங்க, அடுத்தது" என்றார்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது கூரைமேல் ஒரு ஆள் நின்றான். கீழே மேனேஜர் குப்பைப் பையை விரித்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, கயிறு மாட்டலையா?" என்று பதறிக் கத்தினாள்.

"இதை அவுத்துப் போட்டுட்டு இறங்க வேண்டியதுதானேக்கா!"

நீலக் கயிறு விழுந்தது. அவள் ஓடி வருவதற்குள் மேனேஜர் பையைக் கட்டிவிட்டார். அவன் பத்திரமாக இறங்கும்வரை அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை. அதற்குள் பை போய்விட்டது.

அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் கூரையின் புதுப் படம் ஒட்டினார்கள். பளிச்சென்று இருந்தது. பழைய படத்தைக் கேட்டு ட்ரோன்காரருக்குப் போன் செய்தாள். "எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

வீட்டில் கணவன் படத்தின் முன் நின்றால் இப்போது திட்ட வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மேனேஜர் மேசையில் டீயை வைக்கும்போது, "அந்த பெல்ட் எங்க சார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வேறெதுவும் பேசமாட்டாள். முதலில் அதட்டினார். பிறகு காது கேளாதவர் போல இருந்தார்.

இப்போதெல்லாம் மேனேஜர் வெளியே போய்த்தான் டீ குடிக்கிறார். அவள் அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, மேசையில் வைத்து, காலி நாற்காலியிடம் கேட்டுவிட்டுப் போகிறாள்.