இன்னொருத்தியின் முதுகு

படம் தொடங்கி வெகு நேரமாகியும் அனுப்ரியாவின் கை திரையில் வரவில்லை. ஓசூர் தியேட்டரின் மதியக் காட்சி. கணவன் அழகர்சாமிக்கு ஒரு பக்கம் அவள். மறுபக்கம் அவனோடு கம்பெனியில் வேலை பார்க்கும் ராஜ்குமாரும் ஹரீஷ்குமாரும். "தங்கச்சி கை எப்பப்பா வரும்?" என்று ராஜ்குமார் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜவளகிரிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது, அங்கே சாப்பாடு கொடுத்துவந்த நிர்மலாதான் அவளை அழைத்துப் போனாள். கதாநாயகியின் கைக்குப் பதிலாக ஒரு கை வேண்டியிருந்தது. ஈரச் சுவரில் வழுக்கும் கை, திரைச்சீலையை இறுக்கும் கை, கத்தரிக்கோலைத் தேடும் கை. பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்களுக்குத் தன் வணக்கம் இது என்றார் டைரக்டர். அவற்றில் முகத்தைவிடக் கைதான் பயமுறுத்துமாம். அழகர்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. மணிக்கட்டில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு தெரியும், அதுதான் என் பொண்டாட்டி என்று கம்பெனி முழுக்கச் சொல்லியிருந்தான்.

கை வந்தது. தழும்பு திரை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ராஜ்குமார் விசிலடித்தான். அடுத்த நொடி அந்தக் கையின் தொடர்ச்சியாக ஒரு வெற்று முதுகு, அதில் வழியும் நீர், மெல்ல ஊர்ந்து வரும் ஆண் விரல்கள். மறுபடி தழும்பு. மறுபடி முதுகு. எங்கே வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரே கூச்சல். ராஜ்குமாரின் விசில் பாதியில் நின்றுவிட்டது. அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் டீ குடிக்கப் போன இருவரும் திரும்பி வரவில்லை. படம் முடிந்ததும் அழகர்சாமி வெளியே பைக்கில் சாவியைப் போடாமல் நின்றான்.

"கை மட்டும்னுதான சொன்ன?"

"கை மட்டுந்தாங்க. முதுகு வேற யாரோ. நான் சேலையோடதான் நின்னேன். நிர்மலாக்கா கூடவே இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லிட்ட. கம்பெனில ஒவ்வொருத்தன்கிட்டயும் போயிச் சொல்லுவியா?"

"அவங்கள வுடுங்க. என் முதுகு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருஷம். தன் முதுகை அவன் நினைவுபடுத்திப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள். சுவரைப் பார்த்து நின்று, கொக்கிகளைக் கழற்றி ஜாக்கெட்டைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"பாருங்க. நல்லாப் பாத்துக்குங்க."

 கழுத்தை மட்டும் திருப்பினாள். அவன் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்கள் தெரியவில்லை. அதன் மேல் சின்னதாக, வளைந்து, அவள் முதுகு தெரிந்தது.